வாயில்லா ஜீவன்களுக்குச் சட்டம் தேடித் தந்த ருக்மிணி தேவி

வாளையார் செக்போஸ்டில் இரவு நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மாடு ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்கும். பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்த அடிமாடுகள். சில லாரிகளில் மாடுகளுக்குத் திரும்பி நிற்கக்கூட இடமிருக்காது. மூக்கணாங்கயிற்றைக் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கால் மடங்கி விழுந்த மாட்டின் மேல் மற்ற மாடுகள் மிதித்துக்கொண்டு நிற்கும். யாராவது புகார் கொடுத்துவிட்டால் போலீசார் லாரியை ஓரங்கட்டச் சொல்வார்கள். மாட்டின் சொந்தக்காரர் அங்கே இருக்கமாட்டார். டிரைவரும் மாடு பிடிக்கும் ஆளும்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். குமுளியிலும், கம்பம் மெட்டிலும், போடிமெட்டிலும், வேலந்தாவளத்திலும் இதே கதைதான்.

வழக்கு எழுதிய பிறகுதான் பெரிய கேள்வி வரும். இறக்கிய மாடுகளை எங்கே கட்டுவது? தீவனம் யார் போடுவது? பிராணிகள் காப்பகம் நடத்தும் யாராவது ஒருவருக்கு அந்த நடுராத்திரியில் போன் போகும்.

அங்கே எழுதப்படும் வழக்கு 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தைச் சேர்ந்தது. இந்தியா முழுவதற்கும் பொதுவான சட்டம். கைவிடப்பட்ட நாய்க்கும் மாட்டுக்கும் காப்பகம் வைத்து நடத்துகிறவர்கள் அரசிடம் உதவி கேட்பதும், போலீஸ் ஸ்டேஷனில் போய் நியாயம் கேட்பதும் இந்தச் சட்டத்தை வைத்துத்தான். இந்தச் சட்டம் பிறக்கக் காரணமாக இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி, அதுவும் மதுரையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும்: ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திரம், பரதநாட்டியம் என்றுதான் அவரை நினைவில் வைத்திருக்கிறோம். அவருடைய வாழ்க்கையின் மற்றொரு பாதியை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ருக்மிணி தேவி 29-2-1904-ல் பிறந்தார். லீப் வருடம், நாலு வருடத்துக்கு ஒரு தடவைதான் பிறந்தநாள் வரும். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். மாற்றல் உத்தியோகம். அவர் வைதிகக் குடும்பத்தில் பிறந்திருந்தும் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டவர். ஓய்வு பெற்றதும் சென்னை அடையாறில், சபையின் தலைமையிடத்துக்குப் பக்கத்திலேயே குடியேறினார். அன்னி பெசன்ட் அம்மையார் அங்கே ஆட்சி செலுத்திய காலம் அது. சைவ உணவும், எல்லா உயிர்களிடத்தும் இரக்கமும் அங்கே அன்றாடப் பேச்சு. அந்தக் காற்றில்தான் ருக்மிணி வளர்ந்தார்.

பதினாறு வயதில் கலியாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் பிரின்சிபாலாக இருந்தவர். பெண்ணைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். சென்னை கொந்தளித்தது. பத்திரிகைகள் கண்டித்தன, உறவினர்கள் ஒதுங்கினார்கள். 1920-ல் பம்பாயில் திருமணம் நடந்தது. பத்துப் பேர் வாயில் விழுந்து எழுந்திருப்பது எப்படி என்பதை அவர் அந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டார். பிற்காலத்தில் இரண்டு தடவை அது அவருக்குக் கைகொடுத்தது. ஒன்று மேடையில், மற்றொன்று நாடாளுமன்றத்தில்.

மேடைக் கதை பலரும் எழுதியதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 1928-ல் ருஷ்ய நாட்டியமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு ஒரே கப்பலில் பயணம். அவருடைய தூண்டுதலால் முதலில் மேல்நாட்டு பாலே, பிறகு நம் நாட்டு சதிர் என்று ஆர்வம் திரும்பியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பாடம். 1935 டிசம்பரில் அடையாறில் அரங்கேறினார். கோயில் தாசிகளின் ஆட்டம் என்று பெரிய குடும்பங்கள் முகம் சுளித்த கலையை ஒரு பிராமணப் பெண், அதுவும் முப்பது வயதைத் தாண்டியவர், மேடையேறி ஆடினார். அதைப் பாராட்டியவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் காத்த குடும்பங்களின் சொத்தை வேறு கைகள் வாங்கிக்கொண்டன, சிருங்காரத்தைச் சலித்து எடுத்துவிட்டார்கள் என்று குறை சொன்னவர்களும் உண்டு. பாலசரஸ்வதி அம்மாளின் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தக் குறையில் நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அது தனி வழக்கு.

1936 ஜனவரியில் தொடங்கிய கலாக்ஷேத்திரத்துக்கும் நாம் பிழைக்க வந்திருக்கும் இந்தக் கேரளத்துக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே கதகளி கற்பிக்க அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் என்ற ஆசான்கள் வடக்கு மலபாரிலிருந்து போனார்கள். சந்து பணிக்கர் 1953-ல் பையனூரிலிருந்து அழைத்துப்போன இரண்டு சிறுவர்களில் ஒருவர்தான் பின்னாளில் பெயர் பெற்ற வி.பி.தனஞ்செயன். அம்மையாரின் நாட்டிய நாடகங்களில் ஆண் வேஷங்களுக்கு வந்த கம்பீரத்தில் பாதி கதகளி தந்தது. நாம் இங்கே வந்து தேயிலையும் ஏலமும் பறித்தோம், கணக்கு எழுதினோம், ரயில் ஓட்டினோம். அவர்கள் அங்கே போய் ஆட்டம் கற்பித்தார்கள். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

1945-ல் கணவர் காலமானார். குழந்தைகள் இல்லை. கலாக்ஷேத்திரமே வீடு, மாணவர்களே பிள்ளைகள் என்று ஆயிற்று.

1952-ல் ராஜ்ய சபை முதன்முதலாகக் கூடியபோது, கலைஞர் என்ற முறையில் அவரை ஜனாதிபதி நியமன உறுப்பினராக்கினார். அப்படி நியமனம் பெற்ற முதல் பெண் அவரே. 1956-ல் மறுபடியும் நியமனம். மொத்தம் பத்து ஆண்டுகள். கலைஞர் என்று நியமனம் பெற்றவர் கலைக்காக நிதி கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இவர் பேசத் தொடங்கியது வண்டிமாட்டைப் பற்றி. கறவை வற்றியதும் தெருவில் விடப்படும் பசுவைப் பற்றி. ஆராய்ச்சிக்கூடத்தில் கட்டிப்போடப்படும் குரங்கைப் பற்றி.

அப்போது நாட்டில் இருந்தது 1890-ம் ஆண்டு வெள்ளைக்காரர் போட்ட சட்டம். அது போதாது என்று சொல்லி அம்மையார் தாமே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவரும் மசோதா அது. அந்த மாதிரி மசோதாக்கள் பேசித் தீர்ந்து காகிதமாகப் போவதே வழக்கம். நாட்டுப் பிரிவினையின் காயம் ஆறவில்லை, அரிசிக்கும் கோதுமைக்கும் கியூ நிற்கிறார்கள், இந்த நேரத்தில் ஆடுமாட்டுக்குச் சட்டமா என்று கேலி பேச நிறைய இடமிருந்தது.

1954-ல் சபையில் விவாதம் நடந்தபோது பிரதமர் நேருவே எழுந்து பேசினார். மசோதாவின் நோக்கத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் விஷயம் பெரிது, அரசே ஒரு குழு அமைத்து ஆராய்ந்து முழுமையான சட்டம் கொண்டுவரும், ஆகவே இதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் கேட்டுக்கொண்டார்.

இங்கேதான் அவருடைய சுபாவம் தெரிகிறது. தன் பெயரில் இருக்கும் மசோதா. திரும்பப் பெற்றால் நாளை அரசு மறந்துவிடலாம். அரசு கொடுக்கும் வாக்குறுதி எவ்வளவு தூரம் வரும் என்பது கோப்பு நகர்த்திப் பழகிய நம்மைப் போன்ற எழுத்தர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடாப்பிடியாக நின்று வாக்கெடுப்பு கேட்டிருந்தால் தோற்றிருப்பார். ஆனால் பத்திரிகையில் பெயர் வந்திருக்கும். அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. குழு அமைந்தது. குழு நாடெங்கும் விசாரித்து அறிக்கை கொடுத்தது. அரசு மசோதா தயாராகி இரு சபைகளையும் கடந்து 1960 டிசம்பரில் ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது. ஆறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சட்டப் புத்தகத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். நமக்கு அன்றாடம் உதவக்கூடியது.

பிராணியை அடிப்பது, உதைப்பது, சக்திக்கு மீறி ஓட்டுவது, பாரம் ஏற்றுவது குற்றம். புண்பட்ட மாட்டை வண்டியில் பூட்டுவது குற்றம். வேதனை தரும் விதத்தில் ஏற்றிச் செல்வது குற்றம். பட்டினி கிடந்து சாகட்டும் என்று நடுவழியில் கைவிடுவதும் குற்றம். வளர்த்தவர் தீனியும் தண்ணீரும் நிழலும் தராமலிருப்பதும் குற்றம்தான்.

சட்டத்தின் கீழ் பிறகு விதிகள் வந்தன. 1965-ல் வந்த விதிப்படி பார வண்டி இழுக்கும் மாட்டிடம் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை பூட்டவே கூடாது. கோடையில் பாலக்காட்டுக் கணவாயில் வீசும் அனல் நமக்குத் தெரியும். அந்த வெயிலில் நம்மில் எத்தனை பேருக்கு மூன்று மணி நேர ஓய்வு கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்பது தவறில்லை. அதற்காக மாட்டின் ஓய்வைப் பிடுங்க வேண்டுமென்பதில்லை.

1978-ல் போக்குவரத்து விதிகள் வந்தன. இது எங்கள் இலாகா சம்பந்தப்பட்டது என்பதால் எனக்குத் தனி ஈடுபாடு. பிராட் கேஜ் சரக்கு வேகன் ஒன்றில் வளர்ந்த மாடுகள் 10 அல்லது கன்றுகள் 15-க்கு மேல் ஏற்றக் கூடாது. மீட்டர் கேஜில் மாடு 6 அல்லது கன்று 10. பாலக்காடு – பொள்ளாச்சிப் பாதை அப்போது மீட்டர் கேஜ்தான். லாரி என்றால் 6 மாடுகளுக்கு மேல் கூடாது. தரையில் வழுக்காமல் கயிற்றுப் பாயோ பலகையோ போடவேண்டும். கூட ஓர் ஆள் இருக்கவேண்டும். மாட்டோடு வேறு சரக்கு ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியான நிலையில் இருக்கிறது என்று கால்நடை டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். இப்போது மாடுகள் ரயிலேறுவது அபூர்வமாகிவிட்டது. நாய்கள்தான் புக்கிங் செய்யப்பட்டு நாய்ப் பெட்டியில் போகின்றன. ஆறு மாட்டுக் கணக்கையும் வாளையாரில் நிற்கும் லாரியையும் மனதில் வைத்துப் பார்த்தால், விதி எங்கே இருக்கிறது, நடப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சட்டத்தின் மற்றொரு பகுதி பிராணிகள் நல வாரியம். 1962-ல் மத்திய அரசு அதை அமைத்தது. தலைவர் ருக்மிணி தேவி. உலகில் அரசே சட்டம் போட்டு இப்படி ஒரு வாரியம் அமைத்தது அபூர்வம். அதன் தலைமையிடம் டெல்லியில் இல்லை, சென்னையில். அம்மையார் சாகும் வரை, ஏறக்குறைய 24 ஆண்டுகள், அவரே தலைவர். கலாக்ஷேத்திரத்தில் ராமாயண நாட்டிய நாடகங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேடையேற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் வாரியத்தின் கோப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிஞ்சராபோல், காப்பகம், மருத்துவ உதவி, வழிகளில் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்குப் பணமும் ஊக்கமும் தருவது வாரியத்தின் வேலைகளில் சேர்ந்தது. பழைய காலத்தில் சாலையோரம் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் மாட்டுக்குக் கல்தொட்டி வைத்தார்கள் அல்லவா, அந்தத் தர்மத்தை அரசு கணக்கில் சேர்த்ததாக வைத்துக்கொள்ளலாம். அதே காலத்தில் சென்னையில் கேப்டன் சுந்தரம் குடும்பத்தார் தொடங்கிய புளூ கிராஸ் வளர்ந்தது. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடலாம் என்ற யோசனையை அவர்கள் 1960-களிலேயே சொன்னார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆயிற்று. 2001-ல் இந்தியா முழுவதற்கும் அதுவே விதியாக வந்தது. 2023-ல் புது விதி. எல்லாம் இந்த 1960-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான். கேரளத்தில் நாய்க்கடி பற்றிய அச்சமும் கோபமும் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அதிகாலை ஷிப்டுக்கு நடந்து போகிறவர்களுக்கு அந்தக் கோபம் இல்லாமல் எப்படி இருக்கும்? ஆனால் கருத்தடை செய்து ஊசி போட ஓர் இடம் வேண்டும், ஆள் வேண்டும், டாக்டர் வேண்டும். இடத்துக்கு ஏற்பாடு செய்யாமல் விதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

காப்பகங்கள் பற்றி இந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 35-வது பிரிவு. வழக்கில் சிக்கிய பிராணியை மாஜிஸ்டிரேட்டு காப்பகத்துக்கோ பிஞ்சராபோலுக்கோ அனுப்பலாம். அங்கே ஆகும் செலவைச் சொந்தக்காரர் கொடுக்கவேண்டும். அதோடு ஒரு வரி: சொந்தக்காரர் ஏழை என்று கண்டால், சிகிச்சைக்குக் கட்டணம் வேண்டாமென்று மாஜிஸ்டிரேட்டு உத்தரவிடலாம். இந்த வரியைப் படித்தபோது எனக்கு மனம் நிறைந்தது. ஒற்றை மாடு வைத்துப் பிழைக்கிறவன் தன் மாட்டை வதைப்பது பல நேரம் கொடுமையால் அல்ல, இல்லாமையால்தான் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மாட்டுக்கு இரங்கிய கை மனிதனுக்கும் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. இப்படி ஒரு வரி இருப்பது நம் ஆட்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

குறையும் இருக்கிறது. அபராதம். முதல் குற்றத்துக்கு ரூ.50 வரை. 1982-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் ரூ.10-க்குக் குறையாமல் ரூ.50 வரை என்றே வைத்தார்கள். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் ரூ.100 வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் ஐம்பது ரூபாய் ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. இன்றைக்கு அது செக்போஸ்ட் டீக்கடையில் மூன்று பேர் டீயும் பருப்புவடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகும் காசு. இதை உயர்த்த 2022-ல் மத்திய அரசு ஒரு நகல் மசோதா வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. வியாபாரிக்கு ஐம்பது ரூபாய் பொருட்டல்ல. லாரி நிற்கும் நாட்களின் கூலியை இழப்பவர் டிரைவர். மாட்டைத் தீனி போட்டுக் காப்பாற்றுவது காப்பகக்காரர். சட்டத்தின் சுமை இந்த இருவர் தலையில்தான் விழுகிறது.

மாட்டிறைச்சி விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். அம்மையார் சுத்த சைவம். உலக சைவ உணவாளர் சங்கத்தின் துணைத் தலைவராக 1955 முதல் இறுதி வரை இருந்தவர். நம்மில் பலர் அப்படியல்ல. அவர் விதை போட்ட சட்டமும் உணவுக்காக அறுப்பதைத் தடை செய்யவில்லை. அவரவர் மத முறைப்படி அறுப்பது குற்றமில்லை என்று 28-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. தடுப்பது அனாவசிய வேதனையை. 2017-ல் இந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொண்டுவந்த சந்தை விதிகள், அறுப்பதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்றன. கேரளம் முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. பொள்ளாச்சிச் சந்தையை நம்பியிருந்தவர்கள் கலங்கினார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. உச்சநீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. வதை வேறு, வியாபாரம் வேறு, உணவு வேறு. மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டால் சங்கடப்படுவது மாடு அல்ல, மாட்டை வைத்துப் பிழைக்கும் ஏழைதான்.

அவர் இறந்த பிறகும் அந்தச் சட்டம் எங்கெல்லாமோ போய்ப் புகுந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வித்தை காட்டப் பயன்படுத்தக் கூடாது என்று 1998-ல் அரசு அறிவித்தது. தலச்சேரி சர்க்கஸின் தாய்வீடு; சர்க்கஸ்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2000-ல் கேரள உயர்நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு வருடம் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. 2011-ல் காளையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதை வைத்து 2014-ல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டை நிறுத்தியது. வழக்குப் போட்டவர்களில் முக்கியமானது பிராணிகள் நல வாரியம், அதாவது அம்மையார் கட்டிய வாரியம். மதுரையில் பிறந்தவர் விதைத்த சட்டம் அலங்காநல்லூர் வாடிவாசலை அடைத்தது! 2017 ஜனவரியில் மெரீனாவில் இளைஞர்கள் கூடியதும், தமிழக அரசு சட்டத் திருத்தம் செய்ததும், 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டதும் தெரிந்த விஷயம். அவர் உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரே திரண்டு எதிர்த்திருக்கும். அதற்காக மனம் மாறியிருப்பார் என்றும் தோன்றவில்லை.

மூணாறு பக்கத்து வாசகர்களுக்கு இன்னொரு சம்பவம் நினைவுக்கு வரலாம். 6-8-2020 இரவு ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. எழுபது உயிர்கள். ஏறக்குறைய எல்லோரும் நம் தமிழ்க் குடும்பங்கள். குவி என்ற ஒரு நாட்டு நாய் தன் வீட்டுக் குழந்தையைத் தேடி நாள்கணக்கில் ஆற்றங்கரையில் அலைந்தது. அது காட்டிய இடத்தில்தான் அந்தக் குழந்தையின் உடல் கிடைத்தது. நாயை வளர்த்த குடும்பம் போய்விட்டது. தீனி எடுக்காமல் கிடந்த அதை இடுக்கி போலீஸ் நாய்ப் படையினர் எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் குடும்பத்தின் உறவினரிடம் திரும்பச் சேர்ந்தது. குவிக்குப் பேர் கிடைத்ததால் ஆள் கிடைத்தது. தோட்டம் மூடி ஜனங்கள் லயத்தைக் காலி செய்து போகும்போது வாசலில் நிற்கும் நாய்களுக்குப் பேர் கிடைப்பதில்லை. அவற்றைக் கூட்டிப்போக ஆட்டோவில் இடமிருக்காது, போகிற இடத்தில் வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். கைவிடுவது குற்றம் என்று சட்டம் சொல்கிறதே என்று அவர்களிடம் போய்ச் சொல்ல யாருக்கு வாய் வரும்? கொண்டுபோய் விட ஓர் இடம் இருந்தால் விட்டிருப்பார்கள். அந்த இடம்தான் காப்பகம். அதனால்தான் சட்டத்தில் குற்றங்களின் பட்டியலோடு காப்பகத்துக்கும் வழி செய்து வைத்தார்கள்.

1977-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் ருக்மிணி தேவியை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்த விரும்பினார். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். மசோதாவைத் திரும்பப் பெற்றவருக்கு இது பெரிய காரியமாக இருந்திருக்காது. மறு வருடம், 1978-ல், ஆராய்ச்சிக்காக வெளிநாடுகளுக்குக் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை இந்திய அரசு நிறுத்தியது. அம்மையார் உள்பட பலர் ஆண்டுக்கணக்காகக் கேட்டுவந்த விஷயம் அது. ஜனாதிபதி மாளிகையைவிட அந்தச் செய்தி அவருக்குச் சந்தோஷம் கொடுத்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

24-2-1986-ல் சென்னையில் காலமானார். வயது 82-க்குச் சில நாட்கள் குறைவு. கலாக்ஷேத்திரத்தை 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக நாடாளுமன்றம் அறிவித்தது.

பிராணிகள் நல வாரியம் பல ஆண்டுகள் திருவான்மியூர் வால்மீகி நகரில், கலாக்ஷேத்திரத்துக்கு நடந்து போகும் தூரத்தில், இருந்தது. பாலக்காட்டிலோ தேவிகுளத்திலோ காப்பகம் நடத்துகிறவர் அங்கீகாரத்துக்கோ உதவித் தொகைக்கோ அலைய வேண்டுமானால் ராத்திரி மங்களூர் மெயிலைப் பிடித்துக் காலையில் சென்னையில் இறங்கி, தமிழிலேயே பேசிவிட்டு மறுநாள் வீடு திரும்பலாம். 2018-ல் அலுவலகத்தை ஹரியானா மாநிலம் பல்லப்கருக்கு மாற்றிவிட்டார்கள். பாலக்காடு வழியாகப் போகும் கேரளா எக்ஸ்பிரஸ் டெல்லியை எட்டுவதற்குச் சற்று முன்னால் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறது. இரண்டு ராத்திரிப் பயணம்.